பக்கத்து சீட்டில் ஒரு பிரபலம்

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்ட். மத்தியானம் இரண்டரை மணி. நாகர்கோவில் பஸ்ஸில் ஒரு பி.காம். மாணவன் ஓடிவந்து ஏறுகிறான். (பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதற்கில்லை.) ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கும் திறமை இல்லாத ஜென்மம். மூன்று பேர் சீட்டின் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் ஓர் இடம் கிடைக்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டுத் திரும்பினால், நடைபாதைக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் சீட்டின் ஜன்னலோரத்தில், அவர்!

அவர் என்றால் சினிமா நடிகர் இல்லை. நடிகராக இருந்தால் பஸ்ஸே கிளம்பியிருக்காது. ஓர் எழுத்தாளர். புத்தகத்தின் பின்னட்டையில் பார்த்த அதே முகம், முடி மட்டும் கொஞ்சம் குறைவு. மடியில் ஒரு துணிப்பை. கண்டக்டர் வந்து, "சாரே, எல்லாரும் ஐநூறு ரூவாயத் தூக்கிட்டு வந்தா சில்லறைக்கு எங்க போவேன்?" என்று சலித்துக்கொண்டு, டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தமிழில் இத்தனை புத்தகம் எழுதிய கையில், பாக்கி எழுதிய ஒரு டிக்கெட். அவர் அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பையனுக்கு இதயம் தடதட. அவரிடம் சொல்ல அவனிடம் ஒரு விஷயம் இருந்தது. அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே வீட்டில் இருக்கும் விஷயம். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? "சார், நான் உங்க வாசகன்" என்று சொல்லலாம். அது பொய். அவருடைய நாவலில் அவன் பதினைந்து பக்கம் தாண்டியதில்லை. "சார், எங்கம்மா உங்க வாசகி" என்று சொல்லலாம். அது உண்மை. ஆனால் அவர், "நீங்க படிக்கலையா தம்பி?" என்று கேட்டுவிட்டால்?

இந்த ஆராய்ச்சியிலேயே நாங்குநேரி வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அங்கே இறங்கிவிட்டார். இடம் காலி! எழுந்து இரண்டு அடி வைத்தால் போதும். பையன் மனசுக்குள் வசனத்தை ஒத்திகை பார்க்கிறான், திருத்துகிறான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். வள்ளியூரில் பஸ் நின்றபோது ஒரு வழியாகத் தைரியம் வந்து எழுந்தான். அதற்குள் ஓர் அம்மா வயர் கூடையும் ஒரு சாக்குப் பையுமாக ஏறி, "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி இரிங்க" என்று அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சாக்குப் பையை அவர் காலடியிலேயே வைத்தாயிற்று.

பையன் அப்படியே மறுபடி உட்கார்ந்தான். அவன் கதை இங்கே கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

* * *

பிரபலங்களைத் தற்செயலாகப் பார்த்தால் என்ன செய்வது? சென்னைக்காரர்களுக்கு இது பழகிய விஷயமாக இருக்கலாம். ஏர்போர்ட்டில் பார்ப்பார்கள், மாலில் பார்ப்பார்கள். நாஞ்சில் நாட்டில் சங்கதியே வேறு. இந்த ஊர் ஆட்கள் பிரபலம் ஆன பிறகும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'ஒரு புளியமரத்தின் கதை' எழுதிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். 1966-இல் அந்த நாவல் வந்தது, 1981-இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது. நடுவில் வேட்டியும் சேலையும் விற்றுக்கொண்டுதான் இருந்தார். 1997-இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதமி விருது வாங்கிய தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானுக்குத் தொழில் வத்தல் மிளகாய் வியாபாரம். வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன், சரக்கு விற்கும் வேலைக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். 1977-இல் வந்த அவருடைய 'தலைகீழ் விகிதங்கள்'தான் 2002-இல் 'சொல்ல மறந்த கதை' என்ற படமாக வந்தது. அந்தப் பயணங்களில் ரயிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவர்கள் எத்தனை பேரோ. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற ஒரு பையன்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். இப்போது மணிமேடையில் சிலையாக நிற்கிறார். சிலையைக் கடந்து போகிற யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அது வேறு கதை.

காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க: இலக்கியம் ஆர்ட்ஸ் டிபார்ட்மெண்ட் சொத்து என்று இனிமேல் யாராவது சொன்னால், இந்த லிஸ்டை நீட்டுங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சு.ரா.வின் ஜவுளிக்கடைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்குத் தீபாவளிக்கு நாலு முழ வேட்டி வேண்டும். இன்னொருவர் 'ஜே.ஜே.'யை மூன்று தடவை படித்துவிட்டு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர். வேட்டிக்காரருக்குச் சிக்கலே இல்லை. விலை கேட்பார், பேரம் பேசுவார், போன தடவை வாங்கியது சாயம் போய்விட்டது என்று குறை சொல்வார். முதலாளியோடு நேருக்கு நேர் ஓர் உறவு. வாசகர் பாடுதான் திண்டாட்டம். கை எங்கே வைப்பது என்று தெரியாது. "சார்... நான்..." அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஏன் ஒட்டிக்கொள்கிறது? 1956-இல் ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். டிவியிலும் ரேடியோவிலும் தினம் வருகிற ஆளை, நேயர் தனக்கு நன்றாகத் தெரிந்தவராக நினைக்க ஆரம்பிக்கிறார். அந்த ஆளுக்கோ நேயர் இருப்பதே தெரியாது. ஒருபக்க உறவு. காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது சிங்கிள் என்ட்ரி கணக்கு. ரசிகனின் லெட்ஜரில் அந்தப் பெயரில் பத்து வருஷப் பதிவுகள். அழுத ராத்திரி, சிரித்த மத்தியானம், பரீட்சைக்கு முந்தின நாள் ஒளித்துப் படித்தது, எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்து லெட்ஜரிலோ ரசிகன் பெயருக்குப் பக்கமே திறக்கவில்லை. நேரில் பார்த்தவுடன் பத்து வருஷக் கணக்கையும் இரண்டு நிமிஷத்தில் டேலி பண்ணப் பார்க்கிறான். அப்போதுதான் உளறல் வருகிறது.

இதில் வேடிக்கை, அந்த ஜவுளிக்கடை முதலாளிக்கும் இதே வியாதி இருந்திருக்கிறது. சு.ரா. இளம் வயதில் புதுமைப்பித்தன் மேல் பித்தாக இருந்தவர். புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30-இல் இறந்தது திருவனந்தபுரத்தில். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போனால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். அப்போது சு.ரா.வுக்குப் பதினேழு வயது. மூன்று வருஷம் கழித்து, 1951-இல், இருபது வயதில் அவர் செய்த காரியம், புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவந்தது. கை குலுக்கியிருந்தால் ஐந்து நிமிஷம். இது எழுபது வருஷம் தாண்டியும் பேசப்படுகிறது.

பிறகு அவரே 'ஜே.ஜே.'யில் ஒரு காட்சி வைத்தார். பாலு என்ற தமிழ் எழுத்தாளன் தன் கனவு நாயகனான மலையாள எழுத்தாளன் ஜே.ஜே.யை ஒரு மாநாட்டில் சந்திக்கிறான். எத்தனை காலக் கனவு! தமிழ் எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். ஜே.ஜே. கேட்பது ஒரே ஒரு கேள்வி. கல்கியின் சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா என்று! பாலுவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி. ஆதர்சத்தை நேரில் பார்க்கப் போகிற எல்லாரும் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பக்கங்களை ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம். கோபம் வராது. பிரபலத்துக்கும் அன்றைக்கு மூடு சரியில்லாமல் இருக்கலாம், கிண்டல் செய்யலாம், பசியாக இருக்கலாம். அவர் எழுதியதற்கும் பாடியதற்கும் நடித்ததற்கும் உங்களிடம் வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. பஸ்ஸில் வந்து சிரித்துக் காட்டுவது அந்த விலையில் சேராது.

* * *

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பெரிய ஆளைப் பார்த்து மயங்கி விழுகிற ஜாதி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. சரித்திரத்திலும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. எல்லாமே பெருமைப்படுகிற மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1892 டிசம்பர் கடைசி. காவி கட்டிய ஓர் இளம் சன்னியாசி கன்னியாகுமரிக் கடற்கரைக்கு வருகிறார். பாறைக்குப் போக வேண்டும். படகுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. காசில்லாமல் யார் ஏற்றுவார்கள்? அவர் கடலில் குதித்து நீந்தியே போனார் என்று சொல்வார்கள். விவேகானந்தர். அடுத்த வருஷம் செப்டம்பரில் சிகாகோவில் பேசியபிறகுதான் உலகத்துக்கே அவர் பெயர் தெரிந்தது. அந்தப் படகுக்காரரைத் திட்ட ஒன்றுமில்லை. முன்னால் நிற்பது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 1970-இல் அந்தப் பாறையில் மண்டபம் வந்தது. அன்றைக்கு அவர் நீந்திப் போன அதே தூரத்துக்கு இன்று டிக்கெட் எடுத்து, வெயிலில் கியூவில் நின்று, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

1925 மார்ச்சில் காந்தி வந்தார். அவர் யாரென்று தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. வைக்கம் சத்தியாகிரகத்துக்காகத் திருவிதாங்கூருக்கு வந்தவர், குமரியம்மனைப் பார்க்கப் போனார். கோயிலைச் சுற்றி வர விட்டார்கள். உள்ளே விடவில்லை. காரணம், அவர் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனவராம்! இதை அவரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். யாரென்று தெரிந்தும் மயங்காதவர்கள் அவர்கள். ஆனால் அந்த மயங்காமைக்குக் கைதட்ட முடியாது. அதே வாசலில், பெயர் தெரியாத எத்தனையோ பேரை என்னென்ன காரணம் சொல்லித் தடுத்தார்களோ, அதே பழக்கம்தான் காந்தியையும் தடுத்தது. 1948-இல் அவருடைய அஸ்தி இதே கடலில் கரைக்கப்பட்டது. கோயிலுக்குப் பக்கத்திலேயே இப்போது காந்தி மண்டபம் நிற்கிறது.

பிடித்தமான கதை ஒன்று உண்டு. பூதப்பாண்டிக்காரர் ஜீவானந்தம் இருபது வயதில் காரைக்குடிப் பக்கம் சிராவயலில் ஓர் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தார். 1927-இல் காந்தி அங்கே வந்தார். அதற்கு முன்பே வர்ணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை எதிர்த்து ஜீவா கடிதம் எழுதியிருந்ததாகவும், எழுதினவர் வயசாளியாக இருப்பார் என்று நினைத்து வந்த காந்தி, இந்தப் பொடியனைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகவும் ஜீவாவைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். உனக்குச் சொத்து எவ்வளவு என்று காந்தி கேட்டதும், இந்தியாதான் என் சொத்து என்று இவர் சொன்னதும், இல்லை நீதான் இந்தியாவின் சொத்து என்று அவர் திருப்பிச் சொன்னதும் எல்லாரும் மேடையில் கேட்டுச் சலித்த கதை. மேடைக்காரர்கள் அந்தக் கடைசி வசனத்துக்குத்தான் கைதட்டல் வாங்குவார்கள். அதைவிட அந்தக் கடிதம் பெரிசு. இந்தியாவிலேயே பெரிய மனுஷருக்கு ஓர் இருபது வயசுப் பையன், நீங்கள் சொல்வது தப்பு என்று எழுதிப் போடுகிறான். அவர் வந்து நின்றபோது அவனிடம் பேசுவதற்கு ஒன்று இருந்தது. பெரிய ஆளைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொள்வது மரியாதையினால் மட்டும் இல்லை. பல சமயம் பேசச் சரக்கு இல்லாததினாலும்தான்.

சரக்கு என்றால் பெரிய தத்துவம் எல்லாம் வேண்டாம். மார்த்தாண்டத்துப் பெண்களைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 7-இல் ராகுல் காந்தி கன்னியாகுமரியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். அரசியல் அபிப்பிராயம் யாருக்கு எப்படியோ இருக்கட்டும். செப்டம்பர் 10 அன்று மார்த்தாண்டத்தில் நூறு நாள் வேலைப் பெண்கள் அவரைச் சந்தித்தார்கள். அதில் ஒரு பெண்மணி, உங்களுக்குத் தமிழ்நாடு என்றால் பிடிக்கும் என்று தெரியும், இங்கேயே ஒரு பெண் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார். அவர் சிரித்துவிட்டார். ஜெய்ராம் ரமேஷ் அதை ட்விட்டரில் போட, நாடு முழுக்கச் செய்தி. ஐம்பது வயது தாண்டி ஓர் ஆண் கல்யாணம் ஆகாமல் நடந்து வந்தால் குமரி மாவட்டத்துப் பெண்கள் வேறு என்ன கேட்பார்கள்? அவர் எத்தனை பெரிய குடும்பம், எத்தனை போலீஸ் கூட வருகிறது, எதுவும் கணக்கில் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரு கேள்வியை எடுத்தார்கள், கேட்டார்கள். அத்தனை நாள் நடையில் அவர் எத்தனை மாலையும் பொன்னாடையும் வாங்கியிருப்பார்! இந்த ஒன்று தனியாக நின்றது.

மேல சரக்கல்விளைக்காரர் சிவன் 2018-இல் இஸ்ரோ தலைவர் ஆனார். 2025 ஜனவரியில் மேலக்காட்டுவிளைக்காரர் நாராயணன் அதே நாற்காலிக்கு வந்தார். இரண்டு பேருமே இந்த மாவட்டம். அவரவர் ஊரில் அவர்கள் இன்னாருடைய பையன்தான். ராக்கெட் எல்லாம் அப்புறம்.

* * *

போன் கையில் வந்த பிறகு இது எல்லாமே குழம்பிவிட்டது.

முன்னால் ஆட்டோகிராஃப் என்று ஒன்று இருந்தது. இப்போது ஃபர்ஸ்ட் இயர் சேருகிற பிள்ளைகள் அதைப் படத்தில் பார்த்திருப்பார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை என்று கலர் கலர் பக்கங்கள் வைத்த குட்டி நோட்டு. அதை நீட்டினால் அந்தப் பெரிய மனுஷர் பேனா எங்கே என்று தேடுவார். ரசிகனின் பேனா எழுதாது. உதறுவான். இந்தக் கலவரத்துக்கு நடுவில் அவர் தலையை நிமிர்த்தி, "பேரு என்ன?" என்று கேட்பார். கேட்டுத்தான் ஆக வேண்டும், 'அன்புள்ள' என்று எழுதியாயிற்றே! அந்த ஒரு கேள்வியில் அவருடைய லெட்ஜரிலும் ஒரு வரி விழுந்துவிடும். அடுத்த நிமிஷம் அவர் மறந்திருக்கலாம், பரவாயில்லை. டபுள் என்ட்ரி முடிந்தது.

செல்ஃபியில் பெயருக்கு வேலை இல்லை. கொஞ்சம் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். செல்ஃபி எடுக்கும் நேரத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதே கிடையாது. தோள் தோளாக நின்று, போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இருபது வருஷம் மனசில் வைத்திருந்த முகம் அரை அடி தூரத்தில் இருக்கும்போது, அதை ஸ்கிரீனில் பார்க்கிற கூத்து.

2018 அக்டோபரில் மதுரையில் ஒரு திறப்பு விழா. நடிகர் சிவகுமார் நடந்து வரும்போது ஓர் இளைஞர் போனை நீட்டி செல்ஃபி எடுக்க, அவர் போனைத் தட்டிவிட்டார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. திட்டாதவர்கள் பாக்கி இல்லை. பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார், அந்த இளைஞருக்குப் புது போனும் கிடைத்தது. தட்டிவிட்டது தப்புதான், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மனுஷர் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது சரி என்று எப்போது முடிவானது? இதே காரியத்தைத் தெருவில் போகிற முன்பின் தெரியாத ஒருவரிடம் செய்து பாருங்கள். போன் மட்டும் உடைந்தால் அதிர்ஷ்டம்.

சரி, என்னதான் செய்வது என்கிறீர்களா? சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரை விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால், சாவு வீட்டில் பார்த்தால், பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ள வேண்டாம். மற்ற இடங்களில் ஒரு வணக்கம், ஒரு வாக்கியம். "உங்க பரம விசிறி சார்" என்பதை அவர் அன்றைக்கே பத்து தடவை கேட்டிருப்பார். "அந்தக் கதையில் வரும் கிணறு எங்க வீட்டுக் கிணறு மாதிரியே இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள், திரும்பிப் பார்ப்பார். உங்களுடைய கவிதை நோட்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். (எடுப்பார்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களிலேயே இரண்டு பேர் எடுப்பார்கள்.) பதில் வந்தால் பேசலாம். வராவிட்டால் நகர்ந்துவிடலாம். ரொம்ப விவரமாக நடந்துகொள்வதாக நினைத்து, தெரிந்தும் தெரியாத மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. அது மரியாதை மாதிரித்தான் இருக்கும். பாதி நேரம் அது வெறும் பயம்.

* * *

பஸ்ஸுக்கு வருவோம்.

வள்ளியூர் அம்மா உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே ஆரம்பித்துவிட்டார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

அவர் ஊரைச் சொன்னார்.

"என்ன சோலி?"

"எழுதுற சோலிதான்."

"ஓ, பத்திரம் எழுதுத சோலியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

அந்த அம்மாவுக்கு அதிர்ஷ்டம் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மூணு சென்ட் இடம், கொழுந்தன் அதில் வாழை வைத்துவிட்டான், பட்டா மாமனார் பெயரில் கிடக்கிறது, மகளைத் தோவாளையில் கட்டிக் கொடுத்திருக்கிறது, மருமகன் நல்ல பையன்தான் ஆனால் அவன் அம்மா சரியில்லை... காவல்கிணறு தாண்டியது. ஆரல்வாய்மொழிக் காற்றில் காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. பேச்சு நிற்கவில்லை. அந்த எழுத்தாளர் ஜன்னலை விட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார். கூடையிலிருந்து அந்த அம்மா ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுக்க, வாங்கிச் சாப்பிட்டார். பையன் இரண்டு அடி தூரத்தில் பாதி தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தான். தோவாளையில் மகள் வீட்டுக்கு அந்த அம்மா இறங்கிப் போவார், பத்து நிமிஷமாவது இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். அந்த அம்மா வடசேரிக்கே டிக்கெட் எடுத்திருந்தார்.

வடசேரியில் எல்லாரும் இறங்கினார்கள். எழுத்தாளர் கண்டக்டரிடம் பாக்கியை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பையன் ஓடினான். அத்தனை ஒத்திகையும் காற்றோடு போய், வாயில் வந்தது ஒன்றுதான்.

"சார், ஒரு செல்ஃபி..."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். கிளிக். "தேங்க்ஸ் சார்." அவர் தலையை அசைத்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். முழுக்க எட்டு விநாடி இருக்கும்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா கேட்டார். "யாருலே மக்கா அது?"

"பெரிய ரைட்டர், ஆச்சி."

"அப்படியா? நல்ல மனுசன். பாவம், காலத்தேருந்து ஒண்ணும் திங்கல்லியாம். அதான் பழத்தக் குடுத்தேன்."

வீட்டுக்குப் போய் போட்டோவைக் காட்டினான். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மெலிஞ்சு போனாரே. என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல்லம்மா."

"நீ என்ன சொன்ன?"

"தேங்க்ஸ்னு சொன்னேன்."

அவன் அப்பா கல்ஃபில் இருந்த காலம் அது. அவன் வயிற்றில் இருந்தான். அம்மா தனியாக இருந்த அந்த மாதங்களில் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து, திருப்பிக் கொடுத்து, மறுபடியும் எடுத்து வந்து, நாலு தடவை படித்தது அவருடைய நாவல்தான். அதில் ஒரு சின்னப் பையன் வருவான். பிரசவத்துக்குப் போகும்போதே அம்மா முடிவு பண்ணிவிட்டாள். குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. தாத்தாவுக்குக் கோபம், அப்பாவுக்கு போனில் சொன்னபோது புரியவே இல்லை. ஸ்கூலில் எல்லா வருஷமும் புது டீச்சர்கள், "இது என்ன பேரு?" என்று கேட்பார்கள்.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் பேரு என்னன்னு அவரு கேக்கலியா மக்களே?"

"இல்லம்மா."

"கேட்டிருந்தார்னா பேர மட்டும் சொன்னாப் போரும். வேற ஒண்ணும் சொல்லாண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அந்த நாவலின் முதல் பக்கங்களில் பதிப்பகத்தின் முகவரி இருக்கிறது. அதற்குக் கடிதம் போட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். பையன் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கி வைத்திருக்கிறான். எழுதுவதற்கு முன்னால் புத்தகத்தை முடிக்க வேண்டும். இப்போது நாற்பத்திரண்டாம் பக்கம். அந்தச் சின்னப் பையன் இன்னும் வரவில்லை.